பயண இதழும் இளம் பயணியும்: குமரி மலரிலிருந்து வெள்ளவத்தை விடுதி வரை

1

தமிழில் இளைஞருக்கெனத் தனியே ஒரு பயணச் சஞ்சிகை வேரூன்றி வளராமைக்குக் காரணம் யாது? இவ்வினா முதற்பார்வையிற் சிறியதாகத் தோன்றலாம். அரசியல், இலக்கியம், சினிமா, சோதிடம், சமையல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏடு கண்ட மொழி தமிழ். பயணத்துக்கும் நம்மிடையே பஞ்சமிருந்ததில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார், தென்னாபிரிக்காவுக்கும் பீஜிக்கும் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டோர், மன்னார்க் காட்டுவழியே நடந்து கண்டிச்சீமைத் தோட்டங்களை அடைந்தோர், மலாயாப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்ற யாழ்ப்பாணத்தார் என இப்பட்டியல் நீளும். கடந்த இரு நூற்றாண்டுகளில் இத்துணை அலைந்த ஒரு மக்கட் கூட்டம் தன் அலைச்சலைப் பேசுவதற்கென ஓர் இதழைப் பேணாமை தற்செயலானதன்று. அதற்குச் சமூகப் பொருளாதாரக் காரணங்கள் உள.

இக்கட்டுரையில் நாம் அக்காரணங்களை வரலாற்று அடிப்படையில் ஆராய முற்படுகின்றோம். நமது நோக்குநிலை கொழும்பு. சிறப்பாக வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை, கடல்வழி வந்தவர்களும் போகவிருந்தவர்களும் தங்கிய பகுதி. வெள்ளவத்தையோ புகையிரதத்தில் வந்த வடபகுதி உத்தியோகத்தரும், அவரைத் தொடர்ந்து மாணவரும், பின்னாளில் அகதிகளும் குடியேறிய பகுதி. கொழும்புத் தமிழரின் பயண வரலாற்றை எழுதப்புகும் எவரும் இவ்விரு பகுதிகளையும் தவிர்த்துச் செல்லல் இயலாது.

2

பயண வழிகாட்டி என்னும் இலக்கிய வகை தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகளாம். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி கூறுவது அவற்றின் பொதுவான அமைப்பு. திருமுருகாற்றுப்படை இவ்வமைப்பைப் பக்திக்கு உரியதாக்கிக் கொண்டது. ஏனைய நான்கிலும் எத்திசை செல்லவேண்டும், இடையே எந்நிலங்கள் எதிர்ப்படும், எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும், எவர் விருந்தோம்புவர் என்னும் செய்திகள் விரிகின்றன. மலைபடுகடாம் வழியிலுள்ள இடர்களையும் எடுத்துரைக்கின்றது. இன்றைய பயண ஏடு தரும் தகவல்களிற் பெரும்பாலன இவற்றில் உண்டு. ஆயினும் அடிப்படையான வேறுபாடொன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஆற்றுப்படையிற் பேசுபவனும் கேட்பவனும் ஒரே நிலையினர். இருவரும் வயிற்றுக்காக வழி நடப்பவர். அவர்களிடையே விற்பவன், வாங்குபவன் என்ற உறவு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகையிரதமும் நீராவிக் கப்பலும் அச்சியந்திரமும் ஏறத்தாழ ஒருங்கே பரவியபோது தமிழில் உரைநடைப் பயண நூல்கள் தோன்றின. கோயம்புத்தூரைச் சேர்ந்த சே. ப. நரசிம்மலு நாயுடு 1889ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஆரிய திவ்விய தேச யாத்திரை சரித்திரம்' அவற்றுட் குறிப்பிடத்தக்கது. தல யாத்திரை என்னும் பழைய வடிவத்துக்குள் புகையிரத நிலையங்களும் நகரங்களும் பொது வாழ்வும் புகுந்துகொண்டன. எனினும் இந்நூல்களின் பயணி, குடும்பப் பொறுப்பேற்ற, வசதி படைத்த நடுவயதினன். இளைஞன் இங்குப் பயணியாக இன்னும் பிறக்கவில்லை.

'இளம் பயணி' என்பது இயற்கையாய் அமைந்த ஒரு வகையன்று. வரலாறு ஆக்கிய வகை. கல்விக்கும் தொழிலுக்கும் இடையே சில ஆண்டு ஓய்வும், கையிற் சிறிது பணமும், எல்லைகளைத் தடையின்றிக் கடக்கத்தக்க கடவுச்சீட்டும் உள்ள ஒரு பகுதியினர் தோன்றிய பின்னரே அது சாத்தியமாகும். ஜேர்மனியில் 1901இல் தோன்றிய 'வாண்டர்ஃபோகல்' இயக்கமும், பாடசாலை ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மானின் உள்ளத்தில் 1909இல் உருவான இளைஞர் விடுதித் திட்டமும் கைத்தொழில் நகரங்களின் மத்தியதர வர்க்கத்து மாணவரை அடித்தளமாகக் கொண்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தலைமுறை ஐரோப்பாவிலிருந்து தரைவழியே ஆசியாவுக்குப் புறப்பட்டது. அதன் தேவையை ஒட்டி, ரோனி வீலர், மொரீன் வீலர் என்னும் தம்பதியர் 1973இல் அவுஸ்திரேலியாவிற் சொந்தக் கையால் தொகுத்து வெளியிட்ட சிறு நூலே 'லோன்லி பிளானற்' நிறுவனத்தின் தொடக்கம். சுதந்திர முயற்சியாகத் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெரும்பங்கை 2007இல் பீ.பீ.சி.யின் வணிகப் பிரிவு வாங்கியது. 2013இல் அது மீண்டும் கைமாறி அமெரிக்க நிறுவனமொன்றினைச் சேர்ந்தது. வழிகாட்டி விற்பனைப் பொருளாகும்போது, நாளடைவில் வழிகாட்டுபவனும் விற்பனைப் பொருளாகின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

தமிழில் இத்தகைய முயற்சிக்கு மிக அண்மித்து வந்தவர் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911இற் பிறந்த அவர், இளம் வயதிலேயே இரங்கூன் சென்று 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியரானார். 1930களின் நடுப்பகுதியில் ஜப்பானிலும் பின்னர் நியூயோர்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து நோக்கி 1937 ஒக்ரோபரிற் கப்பலிற் செல்கையிற் காந்தியைப் பற்றி ஆவணப்படம் ஒன்று தயாரிக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. உலகின் பல பாகங்களிலும் பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடி, போர் மேகம் சூழ்ந்த அக்காலத்தில் அவர் கண்டங்களைக் கடந்தார். படம் 1940 ஓகஸ்ட் மாதம் சென்னையில் வெளியாயிற்று. 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் அவரது பயண நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

இவ்விளைஞர் எவ்வாறு பயணம் செய்ய முடிந்தது என்பதை நோக்குதல் பயன்தரும். இரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு ஆகிய துறைமுகங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் கடைகளும் விடுதிகளும் கோயில்களும் இருந்தன. கொழும்புச் செட்டியார் தெருவின் கதிர்வேலாயுத சுவாமி கோயில்களும், அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் ஆடிவேல் விழாவும் அந்த வணிக வலையின் எச்சங்களே. தனவணிகரின் மூலதனம் திறந்துவிட்ட பாதையிலே தனவணிகரல்லாத நோக்கோடு நடந்தவர் செட்டியார் எனலாம். வர்க்கப் பின்னணி அவருக்குப் பாதையைக் கொடுத்தது; ஆனால் அவர் கண்ட காட்சியை அது முற்றாகத் தீர்மானிக்கவில்லை. கரிபியன் கடற்பகுதிக்கும் கயானாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் சென்ற அவர், அங்கெல்லாம் ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தோரைத் தேடிக் கண்டமை இங்கு நோக்கற்பாலது.

1943இல், உலகப் போரின் நடுவே, செட்டியார் 'குமரி மலர்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். 1983இல் அவர் மறையும் வரை அது அவருடைய தனிமனித முயற்சியாகவே விளங்கியது. அதனை முழுமையான பயண இதழ் என்றல் பொருந்தாது. பழைய ஏடுகளிற் புதைந்து கிடந்த கட்டுரைகள், கடிதங்கள், பாரதி தொடர்பான ஆவணங்கள் ஆகியன அதிற் பெருமளவு இடம்பெற்றன. எனினும் பயணம் அதன் உயிர்நாடிகளுள் ஒன்றாய் இருந்தது. பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் 'தமிழ்நாடு' என்னும் பெருந்தொகுப்பாகவும் அவர் வெளியிட்டார். இடத்தைப் பார்ப்பது போலவே காலத்தையும் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை போலும்.

செட்டியாரின் நடை அடக்கமானது. 'நான்' என்னும் சொல்லைக் கூடியவரை ஒதுக்கி, கண்டதைச் சிறு வாக்கியங்களிற் சொல்லி, நகையை இடையில் ஒளித்து வைப்பவர் அவர். இதற்கு மாறாக, 1960களிலும் 70களிலும் தமிழகத்தின் வெகுசன வார ஏடுகளிற் பயணத் தொடர் ஒரு விற்பனை உத்தியாக வளர்ந்தது. 'ஆனந்த விகட'னில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' மிகுந்த செல்வாக்குப் பெற்று, பின்னர் அப்பெயரிலேயே ஒரு வார இதழ் தோன்றுவதற்கும் வழிவகுத்தது. அத்தொடர்கள் எண்ணற்ற வாசகருக்கு உலகை அறிமுகப்படுத்தின என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் அங்கு வாசகர் வேடிக்கை பார்ப்பவரே, உடன் நடப்பவரல்லர். தாம் போக முடியாத இடத்துக்குத் தமக்காக ஒருவர் போய்வந்தார் என்ற திருப்தியே அவருக்கு வழங்கப்பட்டது.

4

இனி இலங்கைக்கு வருவோம். கொழும்பையும் வடபகுதியையும் இணைத்த புகையிரதப் பாதை 1905இல் நிறைவெய்தியது. 1914இல் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கியபின், கொழும்புக் கோட்டையிற் சீட்டு வாங்கிச் சென்னை சேர்தல் இயல்பானதொன்றாயிற்று. மனிதர் வந்த வழியே ஏடுகளும் வந்தன. இத்தகைய சந்தை ஒன்றின் விளிம்பிலிருந்த கொழும்பில் உள்ளூர்ச் சஞ்சிகை தலையெடுத்தல் எளிதாயிருக்கவில்லை.

1970–77 காலப்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியை ஒட்டித் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை ஈழத்து எழுத்துக்கு வாய்ப்பாக அமைந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் தோன்றின. 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கியிருந்த 'மல்லிகை' உறுதி பெற்றது. ஆனால் அதே செலாவணிக் கட்டுப்பாடு வெளிநாட்டுப் பயணத்தையும் இறுக்கியது. உள்ளூர் இதழுக்கு வழி திறந்த கொள்கையே உள்ளூர்ப் பயணிக்கு வழி அடைத்தது எனலாம். பயண இதழுக்குரிய இரு நிபந்தனைகள், அதாவது இதழும் பயணியும், நம்மிடையே ஒரே காலத்தில் வந்து கூடவில்லை.

மறுபுறம், 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 18,969 பேர். 1982இல் அத்தொகை 407,230 ஆயிற்று. இவ்வளர்ச்சி விமான நிறுவனங்களினதும் ஹோட்டல்களினதும் விளம்பரத்தில் தங்கிய ஒரு பயண எழுத்தை உருவாக்கியது. அவ்வெழுத்தின் வாசகர் வெளியிலிருந்து வருபவர். உள்ளூர் இளைஞன் அதிற் பயணியாகத் தோன்றவில்லை. அறையைத் துப்புரவு செய்பவனாக, மீன் பிடிப்பவனாக, படத்திற் சிரிப்பவனாகவே தோன்றினான். கடற்கரை அவனுடையது, அதனைக் கண்டு மகிழ்வதற்குரிய ஓய்வு அவனுடையதன்று.

விளம்பரத்துக்கு அடிபணியாத இதழ் எவ்வாறு வாழும் என்பதற்குக் கொழும்பிலேயே விடை உண்டு. சவரத் தொழிலாளியாகிய ஜீவா தன் இதழைத் தெருத்தெருவாக நடந்து கையாலே விற்றவர். பிற்காலத்தில் மல்லிகை கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. 2012 வரை தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டு தி. ஞானசேகரன் கண்டியில் தொடங்கிய 'ஞானம்' பின்னர் வெள்ளவத்தைக்கு இடம்பெயர்ந்தது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இத்தகைய ஏடுகளைத் தேடுவோருக்குப் புகலிடமாயிற்று. இவை எவையும் பயண இதழ்கள் அல்ல. எனினும் ஆசிரியன் வாசகனைத் தேடி நடந்தால் இதழ் நிற்கும் என்பதை இவை மெய்ப்பித்தன.

5

செட்டியார் மறைந்த 1983ஆம் ஆண்டுதான் கொழும்புத் தமிழரின் பயண வரலாறு திசை திரும்பிய ஆண்டுமாகும். அவ்வாண்டு ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 1958இற் போலவே மீண்டும் அகதிகள் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறினர். அதற்கு முன்னரே, 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் வேலையின்மையும் இளைஞரை வெளியே தள்ளத் தொடங்கியிருந்தன. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் சென்று, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குட் புகுவது அக்காலத்து இளைஞர் பலர் அறிந்த பாதை. 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் கண்டெடுக்கப்பட்டனர். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தனர்.

இப்பாதைகள் அனைத்தினதும் தொடக்க இடம் பெரும்பாலும் கொழும்பு விடுதியே. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் இருந்த 'லொட்ஜ்'களில் யாழ்ப்பாணத்தினதும் வன்னியினதும் மட்டக்களப்பினதும் இளைஞர் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருந்தனர். கடவுச்சீட்டு, விசா, முகவரின் தொலைபேசி அழைப்பு, பொலிஸ் பதிவு என்பனவே அவர்களது நாட்குறிப்பு. மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த சிறுவரும் அதே கூரைகளின் கீழ் உறங்கினர். உலகின் வேறிடங்களில் இளைஞர் விடுதி என்பது சுதந்திரத்தின் சின்னம். நமது நகரில் அது காத்திருப்பின் சின்னமாயிற்று.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை பொலிசார் கொழும்பு விடுதிகளினுட் புகுந்து, தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். 'தக்க காரணமின்றி' நகரில் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று, உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைக்காலத் தடையுத்தரவால் நிறுத்தியது. அப்போதைய பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பயண வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்குத் தனியிடம் உண்டு. ஓரிடத்திற் காரணமின்றித் தங்கியிருத்தலே உல்லாசப் பயணியின் இலக்கணம். அதே செயல் உள்ளூர்க் குடிமகனுக்குக் குற்றமாயிற்று. நாடு காரணமின்றி வருக என ஒருவரை விளம்பரம் செய்து அழைத்தது. காரணம் காட்டுக என மற்றொருவரை அதிகாலையில் எழுப்பிக் கேட்டது.

இவ்விடத்தில் நமது தொடக்க வினாவுக்கு எதிர்பாராத ஒரு விடை கிடைக்கின்றது. இவ்விடுதிகளிலிருந்து புறப்பட்ட தலைமுறையினர் 1980களின் பிற்பகுதி தொடக்கம் ஐரோப்பாவில் நடத்திய ஏடுகள் பல. ஜேர்மனியில் 'தூண்டில்', நோர்வேயிற் 'சுவடுகள்', சுவிற்சர்லாந்தில் 'மனிதம்', பாரிசில் 'ஓசை', பின்னர் 'எக்ஸில்' முதலியன அவற்றுட் சில. உணவகங்களிற் கோப்பை கழுவியும் விடியற்காலையிற் பத்திரிகை விநியோகித்தும் பெற்ற கூலியில், நிறுவன உதவியின்றி, சிறு குழுக்கள் இத்தகைய ஏடுகளை நடத்தின. அகதி விண்ணப்பம், நிறவாதம், சாதி, விடுதலை இயக்கங்களின் சனநாயக மறுப்பு, புதிய நாட்டின் குளிரும் மொழியும் ஆகியன அவற்றிற் பேசப்பட்டன. 'பயணம்', 'வாழ்க்கை முறை' என்னும் இரு சொற்களுக்கும் வணிகச் சஞ்சிகைகள் தரும் பொருளை நீக்கிவிட்டு நோக்கின், தமிழின் உண்மையான இளம் பயணிகளின் சுதந்திர இதழ்கள் இவையே என்பது நமது துணிபு.

அச்சுதந்திரத்துக்கு விலையும் இருந்தது. பதிப்பு முயற்சிகளில் ஈடுபட்டிருந்த சபாலிங்கம் 1994 மே 1ஆம் திகதி பாரிசிற் சுட்டுக்கொல்லப்பட்டார். குறைகளும் இருந்தன. இவ்வேடுகளிற் பேசிய பயணி பெரும்பாலும் ஆண்மகனே. மணப்பெண்ணாகத் தனியே விமானமேறியவரும், வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குச் சென்ற பெண்களும் தம் வழிநடையைச் சொல்ல இடம் அரிதாகவே கிடைத்தது. 1990இல் ஜேர்மனியில் தொடங்கிய பெண்கள் சந்திப்பும் நோர்வேயிலிருந்து வெளிவந்த 'சக்தி' இதழும் இக்குறையை ஓரளவு நிரப்பின. மத்திய கிழக்கு சென்ற பெண்ணின் பயணமோ இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.

6

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபுகள் இரண்டு. முதலாவது: தமிழில் இளைஞர் பயண இதழ் வளராமைக்குப் பயண ஆர்வமின்மை காரணமன்று. ஓய்வு, செலாவணி, கடவுச்சீட்டு, தங்கும் உரிமை ஆகியன நம் இளைஞருக்குச் சமமாகக் கிட்டாமையே காரணம். இரண்டாவது: இதழொன்றின் சுதந்திரம் அதன் முகப்பிற் பொறிக்கப்படும் சொல்லில் இல்லை. அது யாருடைய பணத்தில் வாழ்கின்றது, யாரை நோக்கிப் பேசுகின்றது என்பவற்றிலேயே உள்ளது. செட்டியாரும் ஜீவாவும் புலம்பெயர்ந்த இளைஞரும் இவ்வுண்மையை வெவ்வேறு வழிகளில் உணர்த்தினர்.

நிலைமைகள் மாறிக்கொண்டிருக்கின்றன. 1990இல் அறுந்த யாழ்ப்பாணப் புகையிரதச் சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரிற் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. போருக்குப் பிறந்த தலைமுறை ஒன்று, முதன்முறையாக, வெறும் ஆவலால் வண்டியேறி ஊர் பார்க்கின்றது. அதே வேளை, 2022இன் பொருளாதார நெருக்கடியிற் பத்தரமுல்லையிற் கடவுச்சீட்டுக்காக நீண்ட வரிசையில் நின்றோருட் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்னும் வேறுபாடு இருக்கவில்லை. ஒரு காலத்தில் விடுதியிற் காத்திருந்த தமிழ் இளைஞனின் அனுபவம் நாட்டு இளைஞர் அனைவரதும் அனுபவமாகியிருக்கின்றது. இந்த ஒற்றுமையை இனவாத அரசியல் மறைக்க முயலும். எழுத்து அதனை வெளிக்கொணர வேண்டும்.

கொழும்பில் இனித் தோன்றும் இளைஞர் பயண இதழ், அவ்வாறொன்று தோன்றுமாயின், ஹோட்டலின் முன்மண்டபத்திலிருந்தன்றி, விடுதியின் படிக்கட்டிலிருந்து எழுதப்படுதல் வேண்டும். எங்கு என்ன விலைக்கு எது கிடைக்கும் என்பதோடு, எவருக்கு எங்குச் செல்ல உரிமையுண்டு, எவருக்கு இல்லை என்பதையும் அது கூறவேண்டும். வறுமையோடு எதிர்ப்பட்ட பாணனுக்கு வழி சொன்னவன், வழியின் இடரையும் மறைக்காது சொன்னான். ஆற்றுப்படை நமக்கு விட்டுச்சென்ற பயண நெறி அதுவே.